அறிவாற்றல் உளவியல்: எங்கிருந்து தொடங்கினால் பிடிபடும்?

நீங்கள் கேட்டது மூன்று: அறிவாற்றல் உளவியல் என்பது என்ன, அதன் அடிப்படைக் கருத்துகள் எவை, மனநல சிகிச்சைக்கும் அதற்கும் என்ன தொடர்பு. கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், நிறையப் பேர் அங்கேதான் குழம்புகிறார்கள். காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி என்ற சிகிச்சைமுறையின் பெயரும் காக்னிட்டிவ் சைக்காலஜி என்ற இந்தத் துறையின் பெயரும் ஒட்டிவருவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சிகிச்சையை 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது உருவாக்கினார். அது பெரும்பாலும் தன் வழியிலேயே வளர்ந்தது. அறிவாற்றல் உளவியல் கேட்கும் கேள்விகள் வேறு. ஒரு முகத்தைப் பார்த்த கணத்திலேயே அது யாரென்று எப்படித் தெரிகிறது? நேற்று படித்த பக்கம் ஏன் இன்று நினைவில் இல்லை? நூறு பேர் பேசும் இடத்தில் ஒருவர் குரலை மட்டும் எப்படிப் பின்தொடர்கிறோம்? பார்ப்பது, கவனிப்பது, நினைவில் வைப்பது, பேசுவது, யோசிப்பது, முடிவெடுப்பது என்று நாம் சாதாரணமாகச் செய்யும் இவையெல்லாம் உள்ளே எப்படி நடக்கின்றன என்பதைச் சோதனை வழியாகக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறை.

சரி, மனதுக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாதே, பிறகு எதை வைத்துச் சோதிப்பது? இதற்கான பதில் புரிந்துவிட்டால் துறையில் பாதி புரிந்த மாதிரிதான். ஆராய்ச்சியாளர்கள் கையில் முக்கியமாக இருப்பவை இரண்டு: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, அதில் எந்த மாதிரித் தவறுகள் வருகின்றன. நெதர்லாந்துக்காரரான டோன்டர்ஸ் 1868-லேயே இதை ஆரம்பித்துவிட்டார். ஒரே சைகைக்கு ஒரே பதில் தர ஆகும் நேரத்தை அளந்தார். பல சைகைகளில் எது வந்தது என்று பார்த்து அதற்கேற்ற பதில் தர ஆகும் நேரத்தையும் அளந்தார். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், பிரித்தறிந்து தேர்ந்தெடுக்க மனம் எடுத்துக்கொண்ட நேரம் மிஞ்சும் என்றார். நூறு ஆண்டுகள் கழித்து, 1971-ல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் செய்த சோதனை இதே யோசனையின் மிக அழகான வடிவம் என்பேன். கனசதுரங்களை ஒட்டிச் செய்த இரண்டு உருவங்களின் படத்தைக் காட்டி, இரண்டும் ஒரே உருவத்தைச் சுழற்றி வைத்ததா, இல்லை ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமா என்று கேட்டார்கள். ஒன்று மற்றதிலிருந்து எத்தனை டிகிரி சுழன்றிருந்ததோ அதே விகிதத்தில் பதில் சொல்லும் நேரமும் கூடிக்கொண்டே போனது, வரைபடத்தில் போட்டால் ஏறக்குறைய நேர்கோடு. கையில் ஒரு பொருளைத் திருப்பிப் பார்ப்பது போல மனதுக்குள்ளும் உருவத்தைத் திருப்புகிறோம் என்பதற்கு, மண்டையைத் திறக்காமல், ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்து ஆதாரம் எடுத்தார்கள்.

வரலாற்றை நீட்ட வேண்டாம், ஆனால் ஒரு சண்டை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். வில்ஹெல்ம் வுண்ட் 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முதல் உளவியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியபோதும் அதற்குப் பின்னும், ஆட்களைத் தங்கள் அனுபவத்தைத் தாங்களே கவனித்துச் சொல்லவைப்பது ஒரு முக்கிய வழியாக இருந்தது. ஒருவர் சொல்வதை மற்றவர் சரிபார்க்க வழியில்லை, அதுதான் அதன் பலவீனம். இதைப் பார்த்து வெறுத்துப்போன ஜான் வாட்சன் 1913-ல், மனம் என்ற பேச்சே வேண்டாம், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். அந்த நடத்தையியல் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஆனால் அதற்குள்ளேயே விரிசல் விழுந்தது. 1930-ல் டோல்மனும் ஹான்சிக்கும் எலிகளை ஒரு சிக்கலான வழிப்பாதையில் பத்து நாள் உணவே வைக்காமல் சும்மா சுற்றவிட்டார்கள். பதினோராம் நாள் முடிவிடத்தில் உணவு வைத்ததும், அடுத்த நாளே அந்த எலிகள் தொடக்கத்திலிருந்து உணவு பெற்றுவந்த எலிகளுக்கு இணையாக ஓடின. பரிசே இல்லாத நாட்களில் அவை வழியைக் கற்றுக்கொண்டிருந்தன, எங்கே கற்றுக்கொண்டன என்றால் தலைக்குள்ளேதான், வெளியே அதற்கு ஒரு அறிகுறியும் இல்லை. அப்புறம் 1950-களில் கணினி வந்தது. உள்ளே தகவல் வருகிறது, மாற்றப்படுகிறது, சேமிக்கப்படுகிறது, வெளியே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாத படிநிலைகளைப் பற்றித் துல்லியமாகப் பேச ஒரு மொழி கிடைத்தது. 1959-ல் நோம் சாம்ஸ்கி, பரிசும் பழக்கமும் மட்டும் மொழியை விளக்காது என்று நடத்தையியலின் முன்னணி அறிஞரான ஸ்கின்னரின் கொள்கையைக் கடுமையாக மறுத்து எழுதினார். 1967-ல் உல்ரிக் நைசர் எழுதிய பாடநூலின் தலைப்பே துறைக்கும் பெயராக நிலைத்தது. அதே நைசர் 1976-ல், ஆய்வுக்கூடத்தின் செயற்கையான வேலைகளிலேயே துறை சிக்கிக்கொண்டது, நிஜ வாழ்க்கைக்கு வாருங்கள் என்று கண்டித்தும் எழுதினார்; அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இனி அடிப்படைக் கருத்துகள். பாடநூல்கள் பத்துப் பதினைந்து அத்தியாயங்களாகப் பிரித்துத் தரும், ஆனால் எல்லாவற்றின் அடியிலும் இரண்டு விஷயங்கள்தான் ஓடுகின்றன என்பது என் கருத்து. ஒரு நேரத்தில் மனம் கையாளக்கூடியது மிகக் குறைவு. அந்தக் குறைவைச் சமாளிக்க மனம் ஏற்கெனவே தெரிந்ததை வைத்து மீதியை நிரப்பிக்கொள்கிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படித்தால் தனித்தனி அத்தியாயங்கள் ஒன்றாகச் சேரும்.

பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பது முழுக்கத் தெளிவாகத் தெரிவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் விழித்திரையின் நடுவே, பார்வைக் கோணத்தில் ஏறக்குறைய 2 டிகிரி அளவுள்ள சின்னப் பகுதியில்தான் கூர்மையான பார்வை இருக்கிறது, கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அது மறைக்கும் இடம் சுமார் அவ்வளவு. அதைச் சுற்றி எல்லாம் மங்கல். கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிப் பார்க்கிறது, அந்தத் துண்டுகளை வைத்து மூளை ஒரு முழுக் காட்சியைக் கட்டுகிறது. பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்களே இல்லை, அங்கே ஒரு ஓட்டை தெரிய வேண்டும், ஆனால் யாருக்கும் தெரிவதில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே, பார்ப்பது என்பது நம்மை அறியாமல் நடக்கும் ஊகம் என்று சொன்னார். மோசமான கையெழுத்தில் தனியே பார்த்தால் புரியாத எழுத்து, சொல்லுக்குள் வரும்போது புரிந்துவிடுகிறதல்லவா, அங்கே கண்ணிலிருந்து மேலே போகும் தகவலும் அறிவிலிருந்து கீழே வரும் எதிர்பார்ப்பும் சந்திக்கின்றன. ஆனால் அறிவு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். முல்லர்-லையர் படத்தில், முனைகளில் அம்புக்குறி உள்நோக்கியும் வெளிநோக்கியும் போட்ட இரண்டு சம கோடுகள் நீளம் வேறுபட்டுத் தெரியும். அளவுகோலை வைத்து அளந்து சமம் என்று உறுதிசெய்த பிறகும் அப்படியே தெரியும்.

கவனம் பற்றிய ஆராய்ச்சி ஒரு நடைமுறைக் கேள்வியில் ஆரம்பித்தது: இரைச்சலில் பல குரல்கள் கேட்கும்போது ஒன்றை மட்டும் எப்படிப் பிடிக்கிறோம்? காலின் செர்ரி 1953-ல் ஹெட்போனின் இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். கவனிக்காத காதில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் பெரும்பாலோரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, மொழி மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறியது மட்டும் தெரிந்தது. எனவே ஆரம்பத்திலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது, அர்த்தம் புரியும் முன்பே தேவையற்றது தடுக்கப்படுகிறது என்று டொனால்ட் பிராட்பென்ட் 1958-ல் விளக்கினார். அடுத்த ஆண்டே மோரே ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார்: கவனிக்காத காதில் தன் பெயர் வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கேட்டுவிடுகிறது. அர்த்தம் தெரியாமலா பெயரைப் பிடித்தார்கள்? அதனால் ஆன் ட்ரீஸ்மன், வடிகட்டி முழுக்க அடைப்பதில்லை, சத்தத்தைக் குறைப்பது போல வலுவைக் குறைக்கிறது, பெயர் மாதிரி முக்கியமான சொற்கள் அந்தக் குறைந்த வலுவிலும் உள்ளே வந்துவிடும் என்று திருத்தினார். ஒரு மாதிரியை முன்வைப்பது, அதை உடைக்கும் ஒரு முடிவு வருவது, அதைத் திருத்துவது என்று இந்தத் துறை நகரும் விதம் இந்த மூன்று பேரின் வேலையிலேயே தெரிகிறது.

கவனிக்காததைக் கண் பார்த்தாலும் மனம் பார்ப்பதில்லை. 1999-ல் சைமன்ஸும் சாப்ரிஸும் செய்த சோதனை பிரபலமானது: பந்தைக் கைமாற்றும் ஆட்களின் வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தை மாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள், நடுவே கொரில்லா வேடம் போட்ட ஒருவர் குறுக்கே நடந்து போனார், ஏறக்குறைய பாதிப் பேர் அவரைப் பார்க்கவே இல்லை. இதைக் கேட்டு வியந்துவிட்டு விடாமல், வண்டி ஓட்டும்போது போன் பேசுவதோடு சேர்த்து யோசியுங்கள். ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் 2001-ல் வண்டி ஓட்டுவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்துச் சோதித்தபோது, போனில் பேசுபவர்கள் சிக்னல்களைத் தவறவிடுவது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. போனைக் கையில் பிடித்திருந்தாலும் கையில் பிடிக்காமல் பேசினாலும் முடிவு மாறவில்லை, ஏனென்றால் பற்றாக்குறை கையில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. புளூடூத் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று சொல்பவர்களிடம் இந்த முடிவைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இதன் மறுபக்கம், நன்றாகப் பழகிய வேலைகளுக்குக் கவனமே தேவைப்படுவதில்லை, நிறுத்த நினைத்தாலும் நிற்பதில்லை. பச்சை மையில் ‘சிவப்பு’ என்று எழுதி, மையின் நிறத்தைச் சொல்லுங்கள் என்றால் நாக்கு தடுமாறும். ஜான் ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட இந்தச் சோதனை இன்றுவரை எங்கே செய்தாலும் வேலை செய்கிறது.

நினைவுதான் இந்தத் துறையின் மையம், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ஜார்ஜ் மில்லர் 1956-ல், ஒரு நேரத்தில் நாம் நினைவில் ஏந்தக்கூடியது ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். பின்னால் நெல்சன் கோவன் 2001-ல், மனதுக்குள் சொல்லிப்பார்ப்பது போன்ற உத்திகளைத் தடுத்துவிட்டால் அது நான்கு அளவில்தான் நிற்கும் என்று காட்டினார். ஏழா நான்கா என்பதைவிட, எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறோம் என்பதுதான் முக்கியம். 191419391969 என்ற பன்னிரண்டு இலக்கங்களைத் தனித்தனியாகச் சொன்னால் பலருக்கு நிற்காது. முதல் உலகப்போர் தொடங்கிய ஆண்டு, இரண்டாம் உலகப்போர் தொடங்கிய ஆண்டு, மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டு என்று பார்த்தால் மூன்றே துண்டுகள். சேஸும் சைமனும் 1973-ல், ஆட்டத்தின் நடுவில் இருக்கும் ஒரு சதுரங்கப் பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்து, அதே போல அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், புதியவருக்கு நான்கைந்துதான் முடிந்தது. காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. அவரது நினைவாற்றல் பெரிதாக இல்லை, அவரது துண்டுகள்தான் பெரியவை. எந்தத் துறையிலும் நிபுணத்துவம் என்று நாம் வியப்பதில் பெரும்பங்கு இதுதான்.

குறுங்கால நினைவு என்பது தகவல் சும்மா தங்கும் இடம் என்ற எண்ணத்தை 1974-ல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் மாற்றினார்கள். அவர்கள் சொன்ன செயல்நினைவு ஒரு வேலை மேசை மாதிரி: மனக்கணக்குப் போடும்போது எண்களை வைத்திருக்கவும் வேண்டும், அதே நேரத்தில் அவற்றின்மேல் வேலை செய்யவும் வேண்டும். ஒலியாக வைத்திருக்க ஒரு பகுதி, உருவமாகவும் இடமாகவும் வைத்திருக்க இன்னொன்று, இரண்டையும் மேற்பார்க்க ஒன்று என்று பிரித்தார்கள். இரண்டு வேலைகள் ஒரே பகுதியைக் கேட்டால்தான் மோதல் கடுமையாகும், வேறு வேறு பகுதிகளைக் கேட்டால் ஓரளவு சேர்ந்தே ஓடும். பாட்டு வரிகளைக் கேட்டுக்கொண்டே படிப்பது ஏன் கஷ்டம், வரிகளில்லாத இசை ஏன் அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை என்பதை இதை வைத்து நீங்களே யோசித்துப் பார்க்கலாம்.

நெடுங்கால நினைவுக்கு வந்தால் ஒரு மனிதரைப் பற்றிப் பேசாமல் முடியாது. ஹென்றி மொலைசன், ஆய்வுக் கட்டுரைகளில் பல ஆண்டுகள் எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்டவர். கடுமையான வலிப்புநோய்க்காக 1953-ல், 27 வயதில், மூளையின் இரு பக்கமும் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பாகத்தை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதையும் அவரால் புதிதாக நினைவில் சேர்க்க முடியவில்லை. சற்று முன் பேசியவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் புதியவராகத் தெரிவார். புத்திசாலித்தனம் குறையவில்லை, ஒரு எண்ணைச் சில நொடிகள் மனதில் வைத்திருக்கவும் முடிந்தது. பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் பார்த்தபடி அதன் ஓரத்தில் கோடு வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஒவ்வொரு நாளும் இதை முதன்முறை செய்வதாகவே அவர் நினைத்தார். ஒரே மனிதருக்குள் ஒரு நினைவு அழிந்து இன்னொன்று பிழைத்திருந்ததால், நினைவு என்பது ஒரே பொருள் இல்லை என்பது தெளிவாகியது: எதை அறிவோம் என்ற நினைவு வேறு, எப்படிச் செய்வது என்ற நினைவு வேறு. முதலாவதை எண்டல் டல்விங் 1972-ல் மேலும் பிரித்தார், நம் வாழ்க்கையில் நடந்த நிகழ்ச்சிகளின் நினைவு ஒன்று, உலகத்தைப் பற்றிய பொது அறிவு இன்னொன்று. மொலைசன் 2008-ல் காலமானார். நினைவைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் அவருக்குக் கடன்பட்டது ஏராளம், அதை அவர் ஒருநாளும் நினைவில் வைத்திருக்க முடியாமல் போனது எனக்கு எப்போது படித்தாலும் மனதைப் பிசைகிறது.

நினைவு பதிவுக்கருவி இல்லை என்பதை ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே சொல்லிவிட்டார். தங்களுக்குப் பழக்கமில்லாத பண்பாட்டின் கதையைப் படித்த ஆங்கிலேயர்கள், திரும்பச் சொல்லும்போது புரியாத பகுதிகளை விட்டுவிட்டார்கள், மீதியைத் தங்களுக்குப் பழக்கமான வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் ஒரு கார் விபத்து வீடியோவைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். அது மட்டுமில்லை, ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவில் 32 சதவீதம் பேர் பார்த்தோம் என்றார்கள், இரண்டாவது குழுவில் 14 சதவீதம். வீடியோவில் உடைந்த கண்ணாடியே கிடையாது. விசாரணையில் ஒரு சாட்சியிடம் கேள்வியை எந்தச் சொல்லில் கேட்கிறோம் என்பதே அவரது நினைவை மாற்றக்கூடும் என்பதால், இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கிற விஷயமில்லை. உறுதியாகச் சொல்கிறார், எனவே சரியாகத்தான் இருக்கும் என்ற நம் வழக்கமான எண்ணத்தை இதற்குப் பிறகு அப்படியே வைத்திருக்க முடியாது.

படிப்புக்கு இதில் என்ன பயன் என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று காட்டினார். ஒரே நாளில் திணிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது என்பதும் அவர் கண்டதுதான். இன்னும் முக்கியமானது, ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்டது. ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னே, ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னே, 42 சதவீதத்துக்கு எதிராக 56 சதவீதம். திரும்பப் படிக்கும்போது எல்லாம் பழக்கமாகத் தெரிவதால் தெரிந்துவிட்டது என்று தோன்றுகிறது, அந்தத் தோற்றத்தில்தான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். மாறாக, நீங்கள் பார்த்துக் கற்பவர், நீங்கள் கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரிக்கும் பேச்சுக்கு 2008-ல் பாஷ்லர் குழுவினர் செய்த மதிப்பாய்வில் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. அதில் காசு செலவழிக்காதீர்கள்.

மொழி, கருத்தாக்கம் இரண்டும் தனித்தனிக் கடல், இப்போதைக்கு ஒன்று போதும்: எலினோர் ராஷ் 1970-களில் காட்டியபடி, நம் மனதில் வகைகளுக்குக் கறாரான எல்லை இல்லை. ‘பறவை’ என்றால் குருவிதான் உடனே வருகிறது, பென்குவின் தாமதமாக வருகிறது.

முடிவெடுப்பதில் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரின் பெயரும் எங்கும் வரும். 1974-ல் அவர்கள் விவரித்த ஒரு சோதனையில், 10 அல்லது 65-ல் மட்டும் நிற்கும்படி ஏற்பாடு செய்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலைப் பதில் 25, 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இருந்தும் முதலில் கண்ட எண் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது, ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

படிக்கும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. 2015-ல் ஒரு பெரிய குழு உளவியலில் ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது; அறிவாற்றல் உளவியலில் ஏறக்குறைய பாதிதான் அதே முடிவைத் தந்தன, சமூக உளவியலில் கால்பங்கு. நான் இங்கே சொன்ன ஸ்ட்ரூப், துண்டுபோடுதல், இடைவெளி விட்டுப் படித்தல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல் போன்றவை திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்டவை. ஒரே ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு, மூளை இப்படித்தான் என்று முழங்கும் கட்டுரைகளைப் பார்த்தால், எத்தனை பேரிடம் எதை அளந்தார்கள், வேறு யாராவது திரும்பச் செய்தார்களா என்று தேடுங்கள்.

தொடங்குவதற்கு, கவனம், நினைவு என்ற இரண்டு அத்தியாயங்களை எந்த நல்ல அறிமுகப் பாடநூலிலும் முதலில் படியுங்கள், மூளை உடற்கூறு அத்தியாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அங்கே ஆரம்பித்துப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கூடவே ஒரு சோதனையை நண்பரிடம் செய்து பாருங்கள். பீட்டர் வேசன் 1960-ல் செய்தது. 2, 4, 6 என்பது என் மனதில் இருக்கும் விதிக்குப் பொருந்தும், நீங்கள் வேறு மூன்று எண்கள் சொன்னால் பொருந்துமா என்று சொல்வேன், விதியைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லுங்கள். விதி, ஏறுவரிசையில் எந்த மூன்று எண்களும். பெரும்பாலும் 8, 10, 12 என்பார், அப்புறம் 20, 22, 24 என்பார், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஆமாம் என்பீர்கள், இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று உறுதியாக அறிவிப்பார். தன் ஊகம் தவறா என்று பார்க்க 1, 2, 3 என்றோ 6, 4, 2 என்றோ அவர் எத்தனையாவது முறையில் கேட்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.